கிள்ளானில் செய்த காகிதக் கணப்பு

கணப்பையே பார்த்திராத ஊரில் இருந்துகொண்டு நான் மூன்று கணப்புகள் செய்திருக்கிறேன். விடியற்காலையிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் கோலாலம்பூரில், வெள்ளைக்காரர்கள் குளிர்காயச் சுவருக்குள் கட்டிக்கொள்ளும் அடுப்பு யாருக்கு வேண்டும்? நாடகத்துக்குத்தான் வேண்டியிருந்தது. மூன்றில் இரண்டு மரத்தால் செய்தவை. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக நின்றன. மூன்றாவதைக் காகிதத்தில் செய்தேன். அதைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மேடை கட்டும் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் சிலர், திரை தூக்குவதற்கு முன்னால் நான் நடிகர்களை ஒவ்வொருவராக அழைத்து, "இது பலகை, இது அட்டை, இது வெறும் துணி, இதில் உட்காரலாம், இதைத் தொடாதே" என்று காட்டிக்கொண்டு நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் 'பெரியவர் பூசை' என்று பெயர் வைத்ததும் எனக்குத் தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பூசை எப்படித் தொடங்கியது என்பதை மட்டும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

யுத்தத்துக்கு முந்திய காலம். எனக்கு இருபத்தெட்டு வயது. பகலில் ரயில்வே பட்டறையில் தச்சு வேலை, மாலையில் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் நாடகக் குழுவுக்கு மேடை வேலை. குழுவில் முக்கால்வாசிப் பேர் ரயில்வே கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள். அவர்களில் அந்தோணிசாமி கிராணிதான் செயலாளர். நாடகம் எழுதுவது, சண்டையைத் தீர்ப்பது, தேநீர் வாங்கி வருவது எல்லாம் அவரே.

அந்த வருடம் அவர் எழுதிய நாடகத்தில், சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த ஒரு வழக்கறிஞர், மலாயாவில் வெள்ளைக்காரர் பாணியில் வீடு கட்டிக்கொள்கிறார். குளிரே இல்லாத ஊரில் கூடத்து நடுவே கணப்பு. ஊரில் விட்டுவந்த மனைவி தனக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்று நினைத்துக்கொண்டு, மனம் கல்லாகி வாழ்கிறார். வந்த கடிதங்களையெல்லாம் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காள்காரி அந்தக் கணப்பில் போட்டு எரித்துக்கொண்டிருக்கிறாள். கடைசி அங்கத்தில் சாம்பலுக்குள் பாதி எரிந்த கடிதம் ஒன்று அவர் கையில் கிடைக்கிறது. ஆகவே கணப்பு இல்லையென்றால் நாடகமே இல்லை.

வழக்கறிஞராக நடித்தவர் மாணிக்கவேலு. டிக்கெட் கொடுக்கும் வேலை. என்னைவிட எட்டு, பத்து வயது மூத்தவர், நான் வேலண்ணே என்பேன். நான் செய்த மரக் கணப்பின் மேல்தட்டில் இடது முழங்கையை ஊன்றி, கால்மேல் கால் பின்னி, சீமைத் துரையைப் போல அவர் சாய்ந்து நின்றால், வசனம் பேசுவதற்கு முன்பே பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் கைதட்டல் கிளம்பும். காஜாங்கிலும் அப்படித்தான்.

காஜாங் நாடகத்துக்கும் கிள்ளான் நாடகத்துக்கும் இடையில் வேலண்ணனுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அவருடைய அப்பா இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. இவர் மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டியவர் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்க, தம்பி வைத்திருக்கிறார். வேலண்ணன் தலையை மழித்துக்கொண்டு, மூன்றாம் நாளே வேலைக்கு வந்துவிட்டார். கிள்ளான் நாடகத்துக்கும் வருவதாகச் சொன்னார். அந்த வேடத்துக்கு வேறு ஆள் இல்லை. மொட்டைத் தலைக்கு ஒரு பொய்முடி தேடிப் பிடித்தோம். அவர் முன்னால் சாவு, காடு, தீட்டு என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று அந்தோணிசாமி கிராணி எங்கள் எல்லாருக்கும் சொல்லி வைத்தார்.

கிள்ளானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு நாடகம். தோட்டங்களிலிருந்து ஜனங்கள் லோரி ஏறி வந்து, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதால் அந்த நேரம். காலை ஒன்பதரைக்கு ரயில் நிலையத்தில் சாமான்களை இறக்கினேன். திரைகள் வந்தன. நாற்காலிகள் வந்தன. கணப்பு வைத்த பெட்டி வரவில்லை.

குற்றம் என்னுடையதுதான். பெட்டியின் முன்பக்கம் 'கிள்ளான்' என்று சீட்டு ஒட்டினேன். பின்பக்கத்தில் போன மாதம் ஒட்டிய 'காஜாங்' சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டேன். பெட்டி சமர்த்தாகக் காஜாங்குக்குப் போய் உட்கார்ந்திருந்தது. நிலையத்துக் கிராணி தொலைபேசியில் கேட்டுவிட்டு, "நாளைக்குத்தான் வரும்லா" என்றார்.

அந்தோணிசாமி கிராணி தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு மேசையப் போட்டு ஓட்டிடலாமா?"

"மேசைக்குள்ள கடுதாசிய எப்படிண்ணே எரிக்கிறது?"

"அப்ப நீயே ஏதாவது பண்ணு. நாலு மணிக்குத் திரை தூக்கணும்."

பலகை வாங்கலாம். அறுத்து, இழைத்து, பளிங்கு மாதிரி வர்ணம் பூசிக் காயவைக்க ஒரு நாள் வேண்டும். எனக்கு இருந்தது ஆறு மணி நேரம். விளம்பரப் பலகை எழுதும் யாராவது கிடைத்தால், துணியிலாவது கணப்பை வரைந்து வாங்கலாம் என்று தெருத்தெருவாக நடந்தேன். பாலத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் என் கால் தானாக நின்றது.

கடை வாசலில் ஒரு மாடி வீடு நின்றுகொண்டிருந்தது. என் மார்பு உயரம். சன்னல், படிக்கட்டு, மாடியில் பூந்தொட்டி, வாசலில் ஒரு மோட்டார் கார். எல்லாம் காகிதம். சீனர்கள் வீட்டில் சாவு விழுந்தால், இறந்தவருக்கு அனுப்புவதற்காக எரிப்பார்களே, அந்தக் காகித வீடு. அதன் முன்வாசலில் இரண்டு பளிங்குத் தூண்கள். கறுப்பு நரம்பு ஓடிய வெள்ளைப் பளிங்கு. தொட்டுப் பார்த்த பிறகுதான் காகிதம் என்று நம்பினேன்.

உள்ளே ஒரு ஒல்லியான சீனர் மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. இன்றுவரை எனக்கு அது ஒரு குறை. என்னை மேலும் கீழும் பார்த்து, "சியாப்பா மாத்தி?" என்றார். யார் செத்தது என்று கேட்கிறார். யாரும் சாகவில்லை, நாடகம் என்று எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் சொன்னேன். தரையில் கரித்துண்டால் கணப்பை வரைந்து காட்டினேன். இரண்டு தூண், மேலே தட்டு, நடுவில் கறுப்பு வாய். அவர் வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை வருடத்தில் உயிரோடிருப்பவர்கள் கேட்டுவந்த முதல் சாமான் இதுதான் என்றார்.

வாசலில் நிற்கும் வீட்டிலிருந்து ஒரு துண்டுகூடத் தர மாட்டேன், அது இன்னொருவருடையது என்றார். புது மூங்கில் எடுத்தார். நான் பிளந்து கொடுக்க, அவர் கட்டினார். ஆணி இல்லை, முளை இல்லை, நனைத்த காகிதத் திரிதான் கட்டு. சட்டத்தின் மேல், அவர்கள் சாவுக்கு எரிக்கும் பொன்தாளையே இரண்டு அடுக்கு ஒட்டி விறைப்பாக்கினார். அதற்கு மேல் வெள்ளைத்தாள். ஈரம் காய்வதற்குள் மைத்தூரிகையை அவர் இழுத்த இழுப்பில் பளிங்கு நரம்பு ஓடியது. கரி அடுப்பின் சூட்டில் காட்டிக் காட்டிக் காயவைத்தார். நான் பட்டறையில் பத்து வருடம் வேலை பார்த்தவன். அன்றைக்கு அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது போல வேறு யார் கையையும் பார்த்து நின்றதில்லை.

சுவரைப் பார்த்து நிற்கும் பின்பக்கத்துக்கும் வெள்ளைத்தாள் ஒட்டத் தொடங்கினார். வேண்டாம், அதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். "என் வாடிக்கைக்காரர்கள் பின்பக்கமும் போவார்கள்" என்று சொல்லிவிட்டு ஒட்டினார்.

முடித்த பிறகு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, வேலை முடிந்ததும் இதை எரித்துவிடு, வீட்டில் வைக்காதே. இன்னொன்றைச் சொல்லும்போது தம் முழங்கையை மேல்தட்டின் மேல் காற்றில் நிறுத்திக் காட்டினார். இதன் மேல் யாராவது கை வைப்பார்களா? நான் தலையாட்டினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்த ஆளிடம் இது என்னவென்று சொல்லிவிடு. "ஜாங்கான் லூப்பா." மறந்துவிடாதே என்று இரண்டு தடவை சொன்னார்.

படுக்கை விரிப்பால் மூடித் தலையில் வைத்துக்கொண்டு நாடகக் கொட்டகைக்கு வந்தேன். பாரமே இல்லை. மேடையில் நிறுத்தி விரிப்பை இழுத்தபோது, அந்தோணிசாமி கிராணி சிலுவை போட்டுக்கொண்டார்.

"மரத்துல செஞ்சதவிட நல்லா இருக்குடா! எங்க பிடிச்சே?"

சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வேலுகிட்ட மூச்சு விடாதே. அப்பன் செத்து நாப்பது நாளுகூட ஆகல. சாவுக் கடைச் சாமான்னு தெரிஞ்சா அவன் மேடைக்கு வர மாட்டான். வந்தாலும் மனசு உடஞ்சு போயிரும்."

"அவரு அதுமேல சாய்வாரேண்ணே. தாங்காது."

"பெயிண்டு ஈரம்னு சொல்லு. தொட மாட்டான்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. துக்கத்தில் இருக்கும் மனிதரை மேலும் வருத்தாமல், நாடகத்தையும் காப்பாற்றும் யோசனை. வேலண்ணன் பொய்முடியைச் சரிசெய்துகொண்டு மேடையைப் பார்க்க வந்தபோது சொன்னேன்.

"அண்ணே, இது புதுசு. பெயிண்டு இன்னும் காயல. கை வச்சிராதீங்க."

"அதான் பளபளன்னு இருக்கா! சரி தம்பி."

முதல் இரண்டு அங்கமும் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கணப்புக்கு ஒரு முழம் தள்ளியே நின்றார். கணப்பின் வாய்க்குள் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச் விளக்கை வைத்திருந்தேன், அது நெருப்பு மாதிரியே தெரிந்தது. கொட்டகை நிறைந்த கூட்டம். தோட்டத்து ஜனங்கள், துறைமுகத்து ஆட்கள், முன்வரிசையில் கடைக்காரர்கள். எல்லாம் நன்றாகப் போனது.

கடைசி அங்கத்துக்கு மணி அடிக்கப்போகும் நேரம். வேலண்ணன் தம் இடத்துக்குப் போகிற போக்கில் ஒரு விரலால் கணப்பின் தூணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பக்கத் திரையோரம் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"காஞ்சிருச்சுலா தம்பி. கவலைய விடு."

மணி அடித்தது. திரை மேலே போக ஒரு விநாடி இருந்தது. "காகிதம்" என்று ஒரு சொல் சொல்ல அந்த நேரம் போதும். நான் சொன்ன சொல் வேறு.

"சரிண்ணே."

உங்கள் வேலைக்காலத்தில் இப்படிப்பட்ட விநாடிகள் நாலைந்துதான் வரும். வரும்போது அது பெரிய விநாடி என்று யாரும் மணி அடித்துச் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு அடித்த மணியும் திரைக்காகத்தான் அடித்தது.

மனைவியைப் பற்றி அக்காள் பொய் சொல்லச் சொல்ல, வழக்கறிஞர் கேட்டுக்கொண்டே நடந்து வந்து கணப்பின் மேல் சாய வேண்டும். வேலண்ணன் நடந்து வந்தார். இடது முழங்கையை உயர்த்தினார். இரண்டு அங்கமாக அடக்கி வைத்திருந்த சாய்வு, உடம்பின் முழுப் பாரத்தோடு இறங்கியது.

மூங்கில் முறிந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். அவர் கை தோள்வரை கணப்புக்குள் போய்விட்டது. விழப்போனவர், மறுகையால் சுவர்த்திரையைப் பிடித்து நின்றார். பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்னால் பரவிக்கொண்டே வந்தது. அவர் கையை வெளியே இழுத்தார். கறுப்புக் கோட்டின் கை முழுக்கப் பொன்தாள் துண்டுகள். நடுவரிசையில் ஒரு பெண்பிள்ளை சத்தமாகவே சொன்னாள்.

"ஐயையோ, சீனன் சாவுக்குக் கொளுத்துற பேப்பர்டி அது!"

வேலண்ணன் காதில் அது விழுந்தது. கையில் ஒட்டிய தாளைப் பார்த்தார். பிறகு பக்கத் திரையோரம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன். திரையை இறக்கு என்று அந்தோணிசாமி கிராணி கையைக் காட்டுவது தெரிந்தது. கயிறு என் கையில்தான் இருந்தது. இறக்கியிருக்கலாம். ஆனால் நாடகம் இப்போது அவருடையது, நிறுத்துவதா வேண்டாமா என்பதை இந்தத் தடவையாவது அவர் தீர்மானிக்கட்டும் என்று தோன்றியது. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் மெல்ல அக்காள் வேடக்காரர் பக்கம் திரும்பினார். பொன்தாள் ஒட்டிய கையை நீட்டினார்.

"அக்கா, இந்த வீட்டில் எல்லாமே காகிதம்தானா?"

எழுதாத வசனம். குரலை உயர்த்தவே இல்லை. சிரிப்பு, யாரோ வாயைப் பொத்தியது போல நின்றது. "நான் எதன் மேல் சாய்ந்து நின்றேனோ, அது நிஜமா என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே" என்றார். பிறகு மண்டியிட்டு, உடைந்த கணப்புக்குள் கையை விட்டு, பாதி எரிந்த கடிதத்தை எடுத்தார். அதைப் படிக்கும்போது அவர் அழுதது நடிப்பில்லை என்பது எங்களுக்குத் தெரியும். கொட்டகைக்குத் தெரியாது. திரை விழுந்த பிறகு வெகுநேரம் கைதட்டினார்கள்.

வேடம் கலைக்கும் அறையில் அவர் பொய்முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வேலு, என்னா நடிப்புப்பா!" என்று ஓடி வந்த அந்தோணிசாமி கிராணியை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்.

"எங்க செஞ்சது தம்பி?"

ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"காலையில ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க மேடைக்கு வர மாட்டீங்கன்னு..."

"வந்திருப்பேனோ மாட்டேனோ. அத நான்ல முடிவு பண்ணணும்?"

அவரே தொடர்ந்தார். கோபமில்லாமல், வேறு யாரைப் பற்றியோ சொல்வது போலப் பேசினார்.

"எங்க சித்தப்பா தந்தி அடிச்சிருக்கலாம். மறுநாளே கெடச்சிருக்கும். 'தூரத்துல இருக்கான், தனியா கெடந்து அழுவான், மெதுவாத் தெரியட்டும்'னு கடுதாசி போட்டாராம். நல்ல மனசுதான். அந்தப் பதினெட்டு நாளும் நான் இங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தேன் தெரியுமா? காஜாங்குல நாடகம் ஆடினேன். சாத்தே வாங்கித் தின்னேன். உங்களோட சேந்து பாட்டுப் பாடிக்கிட்டு ரயில்ல வந்தேன். அப்பா செத்தது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. இன்னைக்கு அந்தப் பேப்பர பாத்தப்பவும் அப்படித்தான் இருந்துச்சு."

அந்தோணிசாமி கிராணி மெல்ல வெளியே போய்விட்டார். என்னால் போக முடியவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். நம் வேலை பொய் செய்வது. பலகையைப் பளிங்கு என்றும், டார்ச்சை நெருப்பு என்றும் சொல்வது. அந்தப் பொய் பார்க்க வந்தவர்களுக்கு மட்டும். திரைக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களிடம் நமக்குப் பொய் சொல்ல உரிமையில்லை. அவர் மனசு தாங்காது, அவர் பயந்துவிடுவார், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றெல்லாம் தோன்றும். அதெல்லாம் அன்பு மாதிரியே தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. தாங்குமா தாங்காதா என்று நாம் மூங்கிலைப் பற்றிச் சொல்லலாம். மனிதரைப் பற்றி அவர்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்து, லோரிகள் எல்லாம் போனபிறகு, உடைந்த கணப்பைத் தூக்கிக்கொண்டு நான் ஆற்றோரத்து வெற்றிடத்துக்குப் போனேன். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வேலண்ணன் மொட்டைத் தலையோடு வந்துகொண்டிருந்தார்.

"அந்தச் சீனர் இத என்ன பண்ணச் சொன்னாரு?"

"எரிச்சிடச் சொன்னாருண்ணே. எரிச்சா செத்தவங்களுக்குப் போய்ச் சேந்துருமாம். வீடு, காரு எல்லாம் அப்படித்தான் அனுப்புவாங்களாம்."

"நாம அனுப்பினாலும் போகுமா?"

"கேக்கலண்ணே."

அவர் கணப்பைச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து ஓட்டைக்குள் விரலை விட்டு, முறிந்த மூங்கிலைத் தொட்டார்.

"எங்க அப்பாவுக்குக் குளிர் ஆகவே ஆகாது தம்பி. மார்கழி வந்துட்டா துப்பட்டிய ரெண்டா மடிச்சுப் போத்திக்கிட்டு, அடுப்பாங்கரையவிட்டு நகர மாட்டாரு. அம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க." மூங்கிலிலிருந்து விரலை எடுத்தார். "ரயிலுக்கு நேரம் இருக்கா?"

"அரை மணி இருக்குண்ணே."

"இந்த ஓட்டைய அடைச்சுத் தர முடியுமா? ஒடஞ்சதா அனுப்ப வேணாம்."

கொட்டகைக்கு ஓடினேன். மிஞ்சியிருந்த நாடக நோட்டீஸ் நாலைந்தை எடுத்துக்கொண்டேன். பசை இல்லை, சாப்பாட்டுப் பொட்டலத்தில் மீந்திருந்த சோற்றைப் பிசைந்துகொண்டேன். முறிந்த மூங்கிலுக்கு ஒரு குச்சியை முட்டுக் கொடுத்துக் கட்டி, மேல்தட்டை நிமிர்த்தி, அதன் மேல் நோட்டீஸ்களின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டினேன். கோணல் இல்லாமல் வந்ததா என்று இரண்டு தடவை தள்ளி நின்று பார்த்தேன். வேலண்ணனும் பார்த்தார். தலையாட்டினார்.

தீப்பெட்டியை என்னிடமிருந்து வாங்கி அவரே கொளுத்தினார். காய்ந்த மூங்கிலும் தாளும் குப்பென்று பிடித்துக்கொண்டன. நான் சூடு தாங்காமல் நாலடி பின்னால் நகர்ந்தேன். அவர் அது எரிந்து அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.